டீசல் டேங்கை நீங்களே கழற்றலாம், வெல்டிங் மட்டும் வேண்டாம்

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அப்பா காலத்து டாடா 1613, 1998 மாடல். டேங்க் அடியில் கசிவு, காலையில் பார்த்தால் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு டீசல் கறை. லோடு ஏற்றிக்கொண்டு சேலத்திலிருந்து தொப்பூர் மேடு ஏறும்போது வண்டி இழுவை விட்டுவிட்டு வருகிறது. பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர், "பெட்ரோல் டேங்க் என்றால்தான் பயம், டீசல் ஒன்றும் செய்யாது, கழற்றித் தண்ணீர் விட்டு அலசிக் கொண்டு வாங்க, அரை மணி நேரத்தில் அடைத்துத் தருகிறேன்" என்று சொல்லியிருக்கிறார். டேங்கை வீட்டு வாசலிலேயே வைத்துக் கழற்றலாமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு வரியில், இறக்கிய டீசலைத் திரும்ப ஊற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இதற்குள் நீங்கள் கேட்காமல் கேட்ட கேள்விகள் இன்னும் இரண்டு இருக்கின்றன. பட்டறைக்காரர் சொன்னது சரியா? ஓட்டையை அடைத்துவிட்டால் இழுவை திரும்பிவிடுமா?

கழற்றலாம். அவர் சொன்னது தவறு, உயிருக்கே ஆபத்தான தவறு. ஓட்டையை அடைப்பதால் மட்டும் இழுவை திரும்பாது. இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நான் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு நாமக்கல் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேலாக லாரி வேலை பார்ப்பவன். டாடாவும் லேலண்டும்தான் அதிகம். வெல்டிங் என் தொழில் இல்லை, அதைச் செய்பவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தவன் மட்டுமே. அதனால் அந்தப் பகுதியில் எப்படி வெல்டிங் வைப்பது என்று சொல்லித்தர மாட்டேன், எப்போது வைக்கக் கூடாது என்பதைச் சொல்வேன். இங்கே எழுதுவது எல்லாம் இன்லைன் பம்ப், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக டீசலை அழுத்தி அனுப்பும் பழைய மாதிரி பம்ப், வைத்த வண்டிக்கு. நாங்கள் இன்றைக்கும் மைக்கோ பம்ப் என்றுதான் சொல்வோம், 2008-லேயே மைக்கோ கம்பெனி போஷ் என்று பெயர் மாறிவிட்டது. எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் ஓடும் புது மாதிரி காமன் ரெயில் வண்டிகளுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் இழுவையைப் பார்ப்போம், ஏனென்றால் அதைப் பார்க்க டேங்கைக் கழற்ற வேண்டியதே இல்லை. அடியில் விழுந்த ஓட்டை வழியாக டீசல் வெளியே போகும், அவ்வளவுதான். அந்த ஓட்டை எப்போதும் டீசலுக்கு அடியில் இருப்பதால் அதன் வழியாக பம்புக்குக் காற்று போக வழியில்லை. அதனால் கசிவும் இழுவைக் குறைவும் ஒரே நேரத்தில் வந்தாலும் ஒன்றுக்கு ஒன்று காரணம் இல்லை. பெரும்பாலும் இரண்டுக்கும் அம்மா ஒன்று, அதாவது டேங்குக்குள் சேர்ந்த தண்ணீரும் துருவும்.

ஃபில்டர் இரண்டையும் மாற்றி, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பில் உள்ள சின்ன சல்லடையையும் கழுவிய பிறகும் மேட்டில் இழுக்கவில்லை என்றால் டேங்க் பக்கம் மூன்று சந்தேகம் வரும். முதலாவது மூச்சுத் துவாரம். டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வர வேண்டும், அந்த வழி மண்ணால் அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பம்பால் உறிஞ்ச முடியாது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு இழுவை குறையும். நிறுத்தி மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும், பிறகு வண்டி நன்றாக ஓடும். இப்படி நடந்தால் பத்து நிமிஷ வேலைதான், மூடியையும் மூச்சுக் குழாயையும் சுத்தம் செய்துவிட்டுப் போகலாம். இரண்டாவது, டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் அடிச் சல்லடை. துருத் துகளும் கருப்புச் சளியும் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஐட்லிங்கில் எஞ்சினுக்குக் கொஞ்சம் டீசல் போதும், அதனால் ஒன்றும் தெரியாது. மேட்டில் மூன்று நான்கு மடங்குக்கு மேல் கேட்கும்போதுதான் திணறும். ஐந்து நிமிஷம் நிறுத்தினால் ஒட்டியது உதிர்ந்து மறுபடி கொஞ்ச தூரம் ஓடும்.

மூன்றாவதுதான் எல்லோரையும் ஏமாற்றுவது. அதே உறிஞ்சு குழாயில், டேங்குக்கு உள்ளேயே, பாதி உயரத்தில் ஊசித் துவாரம் விழுந்திருக்கும். டேங்க் நிறைய இருக்கும்போது துவாரம் டீசலுக்குள் மூழ்கி இருப்பதால் ஒன்றும் ஆகாது. அளவு அதற்குக் கீழே இறங்கியதும் டீசலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும், இழுவை போகும், சில நேரம் நின்றே போகும். "அரை டேங்குக்கு மேல் இருந்தால் வண்டி ராஜா மாதிரி ஓடுது அண்ணே" என்று ஒரு டிரைவர் சொன்னால், நான் பம்பைத் தொடவே மாட்டேன். இது தெரியாமல் பம்பைக் கழற்றி கேலிபரேஷனுக்கு (அளவு சரிபார்க்க) கொடுத்துப் பணம் செலவழித்தவர்கள் எத்தனையோ பேர்.

குறை டேங்க் பக்கமா இல்லையா என்று ஒரே அடியில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. சுத்தமான 20 லிட்டர் கேனில் டீசல் எடுத்து, சைலன்ஸரிலிருந்து தள்ளி அசையாமல் கட்டி, ஃபீட் பம்புக்கு வரும் ஓஸையும், மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டன் ஓஸையும் அதில் விட்டு ஓட்டிப் பாருங்கள். ரிட்டனை மறந்துவிட்டால் கேனிலிருந்து எடுப்பதெல்லாம் பழைய டேங்குக்குப் போய்விடும், வழியில் நிற்பீர்கள். கேனில் நன்றாக இழுத்தால் குறை டேங்கிலோ அதிலிருந்து வரும் குழாயிலோதான். கேனிலும் இழுக்கவில்லை என்றால் டேங்கைக் குறை சொல்லிப் பயன் இல்லை, அது வேறு கதை.

அடுத்து, கசிவது டேங்க்தானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மேலே, டீசல் அளவைக் காட்டும் ஃப்ளோட் யூனிட்டின் பேக்கிங் காய்ந்து போனாலோ ரிட்டன் ஓஸ் வெடித்தாலோ டீசல் பக்கச் சுவர் வழியாக வழிந்து அடியில் வந்துதான் சொட்டும். டேங்கைச் சுற்றித் துடைத்துக் காயவைத்து, சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வெளிப்பக்கம் முழுவதும் பூசி உலர விடுங்கள். இரவு முழுக்க அப்படியே நிற்கட்டும். வெள்ளைப் பூச்சில் டீசல் பட்ட இடம் கருத்து, எங்கே ஆரம்பித்து எங்கே வழிகிறது என்று கோடு போட்டுக் காட்டும். இதைவிட நம்பகமான முறை என்னிடம் இல்லை. மூன்று ரூபாய்ச் சுண்ணாம்பில் தீர்ந்த வேலைக்கு டேங்கை இறக்கியவர்களில் நானும் ஒருவன், ஆரம்ப காலத்தில்.

சரி, டேங்க்தான் என்று தெரிந்துவிட்டது. கழற்றுவோம். சமதரை, திறந்த வெளி, பக்கத்தில் அடுப்போ பீடியோ கிடையாது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள், ஏனென்றால் ஃப்ளோட் யூனிட்டுக்குப் போகும் ஒயர் டேங்கில்தான் இருக்கிறது. அப்புறம் டீசலை இறக்க வேண்டும். ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 830 கிராம். 100 லிட்டர் மிச்சம் இருந்தாலே 83 கிலோ, தகட்டின் எடை தனி. பாதி டேங்கோடு பட்டையை அவிழ்த்தால் அது உங்கள் கையில் நிற்காது.

அடியில் வடிகால் பிளக் இருக்கும். 25 வருஷமாக யாரும் தொடாத பிளக் என்றால் மிகவும் யோசித்துத் தொடுங்கள். அது திரும்பாமல், அதைப் பிடித்திருக்கும் தகடு திருகிக் கிழிந்து, ஊசி ஓட்டை இருந்த இடத்தில் கைவிரல் ஓட்டையாகி, 100 லிட்டரும் வாசலில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, சரியான ரிங் ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். அசையவில்லை என்றால் விட்டுவிட்டு, கைப்பம்பு வைத்து மேல் வழியாக எடுங்கள். மின்சார மோட்டாரில் எடுப்பதானால் டீசலுக்கென்றே வருவதைத் தவிர வேறு வேண்டாம்.

வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள். நம் ஊரில் இது ஏதோ திறமை மாதிரி. டீசல் வயிற்றுக்குள் போவதைவிட மூச்சுக்குழாய்க்குள் போவதுதான் மோசம். ஒரு மடக்குக்கும் குறைவாகப் போனாலே நுரையீரல் வெந்துபோய் நிமோனியா மாதிரி வரும். யாராவது அப்படி உறிஞ்சிப் புரையேறி இருமினால், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியில் வரும் டீசல் மறுபடியும் நுரையீரலுக்குள் போகும். அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், அப்போதைக்கு நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும்.

டீசல் இறங்கியதும் குழாய்கள். சப்ளை எது ரிட்டன் எது என்று பெயிண்டால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், மாட்டும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரியும். குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டில் இருக்கும் காப்பர் வாஷரைத் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்கிக்கொள்ளுங்கள். பழசு ஏற்கனவே நசுங்கி உருவம் எடுத்துவிட்டது, அதன் வழியாக டீசல் கசியாது, ஆனால் காற்று ஏறும். கழற்றிய குழாய் முனைகளைச் சுத்தமான பிளாஸ்டிக் தாளால் கட்டிவிடுங்கள். துணி வைத்து அடைத்தால் நூல் உள்ளே போகும்.

பட்டைகள்தான் வேலை வாங்கும். நட்டு துருவில் கல்லாகி இருக்கும். பட்டறைப் பழக்கத்தில் கை தானாகக் கேஸ் டார்ச்சுக்குப் போகும், அது கூடாது. கிரைண்டரும் கூடாது, தீப்பொறி பறக்கும். எண்ணெய் விட்டுக்கொண்டே ஹேக்சா பிளேடால் அறுப்பதுதான் வழி, போல்ட் போனால் போகட்டும். அதற்கு முன்னால் டேங்குக்கு அடியில் ஜாக்கி வைத்து, ஜாக்கிக்கும் டேங்குக்கும் நடுவில் அகலமான பலகை கொடுங்கள். இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும். இறக்கும்போது பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் இருந்த ரப்பர் பேக்கிங்கைக் கவனித்துப் பாருங்கள். அது நைந்தோ இல்லாமலோ போயிருந்தால், உங்கள் ஓட்டைக்கான காரணத்தில் பாதி அங்கே இருக்கிறது.

பழைய இரும்பு டேங்க் இரண்டு பக்கத்திலிருந்தும் அரிக்கும். வெளியே, பட்டை தொடும் இடத்தில் மழைத் தண்ணீரும் சேறும் தங்கி, அதிர்வில் பெயிண்ட் உரசிப் போய்த் துரு பிடிக்கும். உள்ளே, அடித்தகட்டில் தண்ணீர். தண்ணீர் டீசலைவிடக் கனம், அதனால் எங்கிருந்து வந்தாலும் அடியில்தான் படுக்கும். பாதி காலியான டேங்கில் ராத்திரிக் குளிரில் காற்றின் ஈரம் சுவரில் பூத்து வழியும், மூடியின் வாஷர் போயிருந்தால் மழை நேராகவே இறங்கும், பேரலில் வாங்கிய டீசலோடும் வரும். அந்தத் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து கருப்புச் சளியாகும், அது வெளியிடும் அமிலம் தகட்டை இன்னும் வேகமாகத் தின்னும். சல்லடையில் பார்ப்பது அந்தச் சளிதான். இதனால்தான் கசிவுக்கும் இழுவைக்கும் அம்மா ஒன்று என்றேன்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம். உள்ளிருந்து அரித்த தகட்டில் ஒரு ஓட்டை தெரிகிறது என்றால், அதைச் சுற்றி இன்னும் பத்து இடம் காகிதமாக இருக்கிறது என்று அர்த்தம். காலி டேங்கைக் கவிழ்த்து, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் அடிப்பக்கம் முழுவதும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீர் என்னும், போன தகடு மொத்தையாகச் சத்தம் தரும், சில இடத்தில் அமுங்கும். அமுங்கும் இடம் கையகலத்துக்கு மேல் இருந்தால் அடைப்பதைப் பற்றி யோசிக்காதீர்கள். பட்டை தேய்த்த இடத்தில் மட்டும் ஓட்டை, மற்றபடி தகடு திடமாக இருக்கிறது என்றால் அது பழுது பார்க்கத் தகுந்த டேங்க்.

இப்போது அந்த வெல்டிங் விஷயம். டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது என்பது உண்மை. பெட்ரோல் ஆவி உறைபனிக் குளிரிலும் பற்றும். டீசல் கொஞ்சம் சூடானால்தான் பற்றக்கூடிய அளவு ஆவி விடும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். நம் நாட்டு டீசலுக்கான ஐ.எஸ். 1460 தரத்தில் ஃப்ளாஷ் பாயிண்ட், அதாவது பற்றக்கூடிய அளவு ஆவி கிளம்பத் தொடங்கும் சூடு, குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும். பங்கில் கிடைப்பது வழக்கமாக அதற்கு மேலேயே இருக்கும், ஆனால் நம்பிக்கொண்டு இறங்க வேண்டிய எண் 35-தான். சித்திரை வெயிலில் சேலத்திலும் கரூரிலும் நிழலிலேயே அதைத் தாண்டும். வெயிலில் கிடக்கும் தகட்டைச் சொல்லவே வேண்டாம். அதோடு, வெல்டிங் சுடர் தொடும் இடத்தில் ஆயிரக்கணக்கான டிகிரி. அந்த இடத்தில் டீசலா பெட்ரோலா என்ற வித்தியாசமே கிடையாது.

நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஏன் பயங்கரம் என்று கேட்டால், நிறைந்த டேங்கில் எரிபொருள் உண்டு, காற்றுக்கு இடம் இல்லை. காலி டேங்கில் இரண்டும் உண்டு. டீசல் ஆவி காற்றில் 0.6 சதவீதம் அளவுக்குக் கலந்தாலே வெடிக்கும். 200 லிட்டர் டேங்குக்குக் கணக்குப் போட்டால் சுமார் இரண்டு டீஸ்பூன் டீசல் ஆவியானால் போதும். மடிப்பு, தையல் விளிம்பு, உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகளின் பின்பக்கம், துருவின் அடுக்குகள் என்று ஒளிந்திருக்கும் டீசல் அதைவிடப் பல மடங்கு. தண்ணீர் விட்டு நாலு தடவை அலசினால் இது போகாது, எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததுதானே. சுடர் பட்டதும்தான் அந்த டீசல் ஆவியாகிறது. கேஸ் மீட்டர் வைத்துப் பார்த்தாலும் குளிர்ந்த டேங்கில் பூஜ்யம் காட்டும், வெல்டிங் ஆரம்பித்து இரண்டாவது நிமிஷம் நிலைமை வேறு.

நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் ஒரு பட்டறையில் இது நடந்தது. இரண்டு நாள் வெயிலில் காயவைத்த டேங்க், மூடியும் திறந்துதான் இருந்தது. டார்ச்சு வைத்துக் கொஞ்ச நேரத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம், பக்கவாட்டுத் தகடு தையலோடு பிய்ந்து எதிர்ச் சுவரில் போய் அடித்தது. வேலை செய்தவர் தகட்டுக்கு நேரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கை மட்டும் வெந்தது. அவருக்கு அதற்கு முன் அதே மாதிரி இருபது டேங்குக்கு மேல் ஒன்றும் ஆகாமல் அடைத்த அனுபவம் உண்டு. உங்கள் பட்டறைக்காரர் சொல்வதும் அந்த அனுபவத்தில்தான்.

இன்னொரு வழக்கம், ஓடும் லாரியின் சைலன்ஸர் புகையை ஓஸ் வைத்து டேங்குக்குள் விட்டுக்கொண்டே வெல்டிங் வைப்பது. புகை போனால் காற்று வெளியேறிவிடும், தீப்பிடிக்காது என்ற நம்பிக்கை. பழைய பெட்ரோல் எஞ்சின் புகையில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இருக்காது, இந்தப் பழக்கம் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். டீசல் எஞ்சின் அப்படி இல்லை. ஐட்லிங்கில் அது தேவைக்குப் பல மடங்கு காற்றை இழுக்கிறது, வெளியே விடும் புகையில் 17, 18 சதவீதம் ஆக்சிஜன் அப்படியே இருக்கும். வெளிக்காற்றில் 21 சதவீதம். வெடிக்காமல் இருக்க 8 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அப்படியென்றால் டீசல் புகையை விடுவது டேங்கைச் சூடாக்கி ஆவியை அதிகப்படுத்தும் வேலை மட்டுமே.

சரியாகச் செய்பவர்கள் என்ன செய்கிறார்கள்? டேங்கர் லாரிகளுக்கு நீராவி அடித்துச் சுத்தம் செய்யும் இடங்கள் உண்டு. எல்லா வாயையும் திறந்துவிட்டு, காஸ்டிக் சோடா கரைத்த சுடுதண்ணீரால் கழுவி, அப்புறம் டேங்க் முழுவதும் கை வைக்க முடியாத சூடு ஏறும்வரை, அடியில் வடியும் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லாமல் போகும்வரை நீராவி விடுவார்கள். அது மணிக்கணக்கில் ஆகும் வேலை. (அலுமினிய டேங்குக்குக் காஸ்டிக் ஆகாது, ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அது இன்னொரு வெடி.) பிறகு ஓட்டை மேல்பக்கம் வருமாறு டேங்கைத் திருப்பி, வெல்டிங் வைக்கும் இடத்துக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மிச்ச இடத்தில் காற்றுக்குப் பதிலாக கார்பன் டை ஆக்சைடையோ ஆர்கானையோ சிலிண்டரிலிருந்து விட்டுக்கொண்டே செய்வார்கள். இத்தனையும் செய்கிறேன் என்று ஒருவர் தானாகச் சொன்னால் அவரிடம் கொடுங்கள். நீங்கள் கேட்டு அவர் சிரித்தால் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

நெருப்பில்லாமல் என்ன செய்யலாம்? வழியில் நின்றுவிட்டால் டிரைவர்கள் செய்யும் சோப்பு வைத்தியம் நிஜமாகவே வேலை செய்யும். துணி சோப்பைப் பிசைந்து ஓட்டையில் அழுத்தினால், டீசல் சோப்பைக் கரைக்காது என்பதால் ஊர் போய்ச் சேரும்வரை நிற்கும். மழை வந்தால் போச்சு. எம்சீல் மாதிரி இரண்டு கலவை பிசைந்து ஒட்டுவது, காலி டேங்கில், தகட்டைப் பளபளவென்று தேய்த்து எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் ஒட்டினால் மாதக்கணக்கில் தாங்கும். கசிந்துகொண்டிருக்கும்போதே ஒட்டினால் மறுநாள் உரிந்து வரும். கண்ணாடி இழைத் துணியோடு எபாக்ஸி பூசி ஒட்டுப்போடுவது அதைவிட நல்லது, பட்டை தேய்த்த இடத்து ஓட்டைக்கு நான் அதைச் செய்து மூன்று நான்கு வருஷம் கழித்தும் அப்படியே பார்த்திருக்கிறேன்.

உள்பக்கம் ஊற்றிச் சுழற்றும் பூச்சுகள் பற்றி எனக்கு இரண்டு மனசு. உள்ளே முழுச் சுத்தமாக இருந்தால் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் தடுப்புத் தகடு உள்ள லாரி டேங்கில் எல்லா மூலையையும் சுத்தம் செய்துவிட்டோம் என்று யார் சொல்ல முடியும்? ஒட்டாத இடத்தில் அது தோலாக உரிந்து உறிஞ்சு குழாயை அடைத்தால், ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்பீர்கள். மோட்டார் சைக்கிள் டேங்குக்குச் சரி, லாரிக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உண்மையைச் சொன்னால், அடித்தகடு உள்ளிருந்து அரித்திருந்தால் வேறு டேங்க் போடுவதே சிக்கனம். பழைய வண்டி உடைக்கும் இடங்களில் நல்ல டேங்க் கிடைக்கும், அங்கேயும் அந்தத் தட்டிப் பார்க்கும் சோதனையைச் செய்துதான் வாங்க வேண்டும். உள்ளூரில் புதிதாகச் செய்து தருபவர்களும் உண்டு. அப்படிச் செய்யச் சொன்னால் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு மட்டும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். துரு பிடிக்காதே என்று அவர்கள் ஆசையாகச் சொல்வார்கள். டீசல் பழசாகும்போது உண்டாகும் அமிலங்கள் துத்தநாகப் பூச்சோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு கசடாகி ஃபில்டரையும், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலையும் அடைக்கும். சாதா இரும்புத் தகடு, வெளியே ரெட் ஆக்சைடும் பெயிண்டும், உள்ளே ஒன்றும் வேண்டாம். உள்ளே டீசலே எண்ணெய், தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தால் அது பார்த்துக்கொள்ளும்.

அடைத்த டேங்கைச் சோதிக்கும்போது நடக்கும் இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். டயருக்குக் காற்றடிக்கும் ஓஸை டேங்கில் சொருகுவார்கள். டேங்கின் பக்கத் தகடு 60 சென்டிமீட்டருக்கு 50 என்று வைத்துக்கொண்டால் 3,000 சதுர சென்டிமீட்டர். 100 பி.எஸ்.ஐ. அழுத்தம் முழுவதும் ஏறினால் அதன்மேல் 21 டன் தள்ளும். வெறும் 3 பி.எஸ்.ஐ.க்கே 600 கிலோ. சைக்கிள் பம்பால் மெதுவாக 2, 3 பி.எஸ்.ஐ. ஏற்றி சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் போதும். அதுவும் வேண்டாம் என்றால் டேங்கை மரக்கட்டை மேல் வைத்து டீசல் நிரப்பி, வெளியே சுண்ணாம்பு பூசி ஒரு ராத்திரி விடுங்கள். நான் இதைத்தான் விரும்புவேன்.

மாட்டுவதற்கு முன் உறிஞ்சு குழாயை முழுதாக வெளியே எடுத்து, ஒரு முனையை விரலால் மூடி, மறுமுனையில் மெல்லக் காற்றடித்துத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் உங்கள் தொப்பூர் பிரச்சினை அகப்பட்டது. சல்லடை, மூச்சுக் குழாய், மூடி வாஷர் மூன்றையும் அதே நாளில் முடித்துவிடுங்கள். பட்டைக்குப் புது ரப்பர் பேக்கிங் போடுங்கள், சாக்கு வேண்டாம், அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பட்டையை இறுக்குவதில் வீரம் காட்ட வேண்டாம், தகடு குழிந்தால் அங்கேயே அடுத்த விரிசல். 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தரம் இறுக்கிக்கொள்ளலாம்.

ஏர் எடுப்பது, அதாவது டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் வரிசையைச் சொல்கிறேன். டேங்கில் குறைந்தது கால் பாகமாவது டீசல் இருக்கட்டும். ஃபீட் பம்பின் கைப் பிரைமரை அடித்துக்கொண்டே முதலில் ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூ, குமிழி நின்று முழு டீசலாக வந்ததும் மூடி, அப்புறம் இன்ஜெக்‌ஷன் பம்பில் உள்ள ஸ்க்ரூ. அதற்கும் பிடிக்கவில்லை என்றால் நாசில் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்துப் பாருங்கள், அப்போது கையை அதன் பக்கம் கொண்டு போகாதீர்கள், அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைக்கும். ஃபில்டரைப் புதிதாகப் போட்டாலும் இன்னொரு ஜோடி வாங்கி வண்டியில் வையுங்கள். அசைந்த துரு எல்லாம் முதல் சில நூறு கிலோமீட்டரில் வந்து சேரும், 500 கிலோமீட்டரில் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

கடைசியாக, இறக்கிய டீசல். அதை மூடியுள்ள சுத்தமான கேன்களில் இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். தண்ணீரும் சளியும் அடியில் இறங்கிவிடும். மேலே தெளிந்ததை மட்டும் நெருக்கமான துணியில் வடிகட்டி ஊற்றலாம், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு கேனிலும் அடியில் நாலு விரல் அளவை ஆசைப்பட்டு ஊற்றாதீர்கள், ஸ்பேனரும் போல்ட்டும் கழுவ அது போதும். இறக்கிய டீசல் நிறம் கறுத்து, புளித்த வாடை வந்தால், தெளிந்த பாகத்தையும் சேர்த்து ஒதுக்கிவிடுங்கள். அதில் எவ்வளவு மிச்சமானாலும் ஒரு பம்ப் வேலைக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு கூட வராது.